பரமன் அண்ணன் வாங்காத கார்

செய்தி வந்தபோது நான் சின்னமனூரில் ஒரு பழைய கார் புரோக்கரின் கொட்டகையில், ஒரு வெள்ளைக் காரின் முன்சக்கரத்துக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். பரமன் அண்ணனின் மனைவி ராசாத்தி மதினியின் நம்பரில் இருந்து போன். எடுத்தால் பேசியது பக்கத்து வீட்டுப் பெண். "அண்ணே, பரமன் மாமா தவறிட்டாரு. சவரக் கடையில முறைக்கு ஒக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. வெரசா வாங்க" என்றாள். "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, புரோக்கரிடம் அந்தக் காருக்கு இதுவரை எத்தனை ஓனர் என்று கேட்டேன். ரெண்டு என்றார். அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது என்ன என்பதே எனக்கு உறைத்தது. பஸ்சுக்குக் காத்து நிற்க முடியாமல் ஒரு லோடு வண்டியில் தொற்றிக்கொண்டு போடிக்கு வந்து சேர்ந்தேன்.

டெப்போ நண்பர்களே, பதினாறாம் நாளுக்கு அச்சடிக்க வேண்டும், பரமன் அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டேன். முப்பது வருடம் கண்டக்டராக ஓடுகிற வண்டியில் நின்றே பிழைத்தவன் நான். ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் நமநமக்கிறது. நல்ல டிரைவர், ஒரு விபத்து கிடையாது, யாரையும் கடிந்து பேசியதில்லை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. ரிட்டையர் ஆன பிறகு அவர் ஒரு கார் வாங்க மூன்று ஆண்டுகள் அலைந்தார். அதை வாங்க விடாமல் செய்தவன் நான்.

அவர் தேடியது குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் இல்லை. பாட்டுப் பெட்டி இருக்கிறதா, டிக்கியில் எவ்வளவு சாமான் பிடிக்கும் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. உடம்பு சின்னதாக இருக்க வேண்டும். இன்ஜின் அந்த உடம்புக்குக் கொஞ்சம் அதிகப்படியாக இருக்க வேண்டும். கியர் கையால் போடுவதாக இருக்க வேண்டும், வளைவில் ஆடக் கூடாது. பழசு போதும், மூன்று லட்சம், மிஞ்சினால் மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்து முந்தலில் இருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறை வரை விரட்டிப் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்த ஆசை முளைத்த நாளுக்கு நானே சாட்சி. மூணாறு பஸ்சில் நாங்கள் ஜோடியாக ஓடிய காலம். மலை இறங்கும்போது ஒரு சின்ன நீலக் கார் எங்களை முந்திக்கொண்டு பறந்தது. முன்சீட்டுக்காரர் அந்த ஓட்டுநரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். அண்ணன் திட்டவில்லை. பஸ்சை மெதுவாக்கிக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். கீழே இரண்டு வளைவு தள்ளி அந்தக் கார் திரும்புவது தெரிந்தது. "பாத்தியா தம்பி, வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுட்டான். உள்ள போய் மிதிக்கல" என்றார். டீ குடிக்கவா நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. கார் கண்ணை விட்டு மறையும்வரை பஸ் நகரவில்லை. வண்டி சூடாகிவிட்டது என்று பயணிகளிடம் நான் புளுகிச் சமாளித்தேன்.

ரிட்டையர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு டெப்போ வாசலில் நின்றவரிடம், "இனிமே என்னண்ணே சோலி?" என்று கேட்டேன். "முப்பது வருசமா அறுபது பேரு உசுர முதுகுல வச்சுக்கிட்டே ஓட்டியாச்சு தம்பி. ஒருவாட்டி என் உசுர மட்டும் வச்சு ஓட்டிப் பாக்கணும்" என்றார். "அப்ப நான்?" என்றேன். "நீயும் வந்தா ரெண்டு உசுரு. பரவால்ல, தாங்கும்" என்று சிரித்தார். அடுத்த மாதக் கடைசியில் நானும் ரிட்டையர் ஆனேன்.

அதன் பிறகு எங்களுக்கு ஞாயிறு என்றால் கார் பார்ப்பது என்று ஆகிவிட்டது. தேனி, கம்பம், உசிலம்பட்டி, மதுரை என்று பஸ் ஏறிப் போவோம். விற்கிறவர்கள் எல்லோரும் ஆசையாக பானெட்டைத் தூக்கி இன்ஜினைக் காட்டுவார்கள். அண்ணன் அந்தப் பக்கமே போக மாட்டார். குத்தவைத்து டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து பெடல்களைப் பார்ப்பார். ஒருமுறை உசிலம்பட்டியில், "மீட்டரு அம்பதாயிரம்னு சொல்லுது, தேஞ்சுபோன கிளட்ச் ரப்பரு ரெண்டு லட்சம்னு சொல்லுதே. எதத் தம்பி நம்புறது?" என்று அவர் என்னிடம் கேட்டபோது, விற்க வந்தவர் தானாகவே பானெட்டை மூடிவிட்டார். "ஓடுறது இருக்கட்டும், நிக்குமா? நிக்கிற வண்டியத்தான் விரட்ட முடியும்" என்பது அவர் எல்லாரிடமும் சொன்ன பேச்சு. மதுரையில் ஒருவர் பெருமையாக ஆக்சிலேட்டரை மிதிக்கப் போய், பின்னால் நீலப் புகை கக்கியது. டர்போ போய்விட்ட வண்டி. பஸ்சில் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

முதல் வருடம் முடிகிற நேரத்தில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டே மாதத்தில் எழுந்து மறுபடி கார் பார்க்கக் கிளம்பினார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர் மகன் கதிர் எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, மலையில ஓட்டும்போது நெஞ்சப் பிடிச்சா என்ன செய்றது? நான் சொன்னா கேக்க மாட்டாரு. எந்த வண்டியப் பாத்தாலும் நீங்க எதாவது கொற சொல்லிருங்க. நீங்க சொன்னா விட்டுருவாரு" என்றான். கதிர் கேட்டதில் தப்பில்லை, பெற்ற பிள்ளை அப்படித்தான் பயப்படுவான். சரி என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சொன்னால் அவர் ஏன் விட்டுவிடுவார் என்பதற்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். ஒருமுறை பனி மூடிய காலையில், வளைவில் ஒரு லாரி குறுக்கே சிக்கிக்கொண்டது. நாங்கள் பஸ்சைப் பின்னால் எடுத்தால்தான் அது திரும்ப முடியும். பயணிகளை இறக்கிவிட்டு, நான் பின்னால் நின்று விசில் கொடுத்தேன். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே என் செருப்பு நீளத்துக்குத்தான் தரை இருந்தது. எல்லாம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, "கண்ணாடியில பள்ளம் தெரிஞ்சுச்சாண்ணே?" என்று கேட்டேன். "நான் எங்க கண்ணாடியப் பாத்தேன், நீதான் நிக்கிறீல்ல" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்படிப்பட்ட மனிதரிடம் வரிசையாகப் பொய் சொன்னேன். ஒரு காரில் ஸ்டியரிங் ஆடுகிறது என்றேன். ஆடவில்லை. இன்னொன்றில் பின்பக்கம் அடிபட்டுப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்றேன். அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் "சரி தம்பி, வேணாம்" என்பார். திரும்பி வரும்போது எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுப்பார்.

பிறகு அந்தச் சிவப்புக் கார் வந்தது. பூப்பாறையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், கோட்டயத்தில் வாங்கி இப்போது விற்க நினைத்த கார். எங்கள் ஊர் சிலமலைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், என் வீட்டு முன்னால் காரை நிறுத்திச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். "ஒரு குழப்பமும் இல்ல சேட்டா, தைரியமா ஓட்டிப் பாருங்க" என்றார். அண்ணன் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் டயரைப் பார்த்தேன், பெடலைப் பார்த்தேன். குறை சொல்ல ஒரு இடம் இல்லை. இந்தக் காரில் வாயால் சொன்னால் எடுபடாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று எனக்குப் புத்தி போயிற்று. கேரளத்து வெள்ளத்தில் முங்கிய கார்களைக் கழுவி விற்கிறார்கள், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேறு காட்டிக்கொடுத்துவிடும் என்று போனில் படித்திருந்தேன். எதிரே எங்கள் கடலைக் காட்டில் தண்ணீர் பாய்ச்சியிருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளிவந்து பின்சீட்டுப் பெல்ட்டின் அடியில் தேய்த்தேன். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அண்ணன் வந்தார். வழக்கம்போல டயர், பெடல். பிறகு எடுத்தார். முந்தல் தாண்டியதும் ஞாயிற்றுக்கிழமை ரோடு, தோட்டத்து ஜீப்புகள் ஒன்றும் இல்லை. மூன்று வளைவு சும்மா ஏறினார். நாலாவதில் இருந்து வேறு ஆளாகிவிட்டார். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, இரண்டாம் கியர் போட்டு, உள்ளே நுழைந்ததும் மிதித்தார். கார் ஒரு ஆட்டம் ஆடாமல் திரும்பியது. என் பக்கம் இல்லாத பிரேக்கை நான் இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, கத்திச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. மேலே போய்த் திருப்பி நிறுத்தி, "கண்டக்டரே, இன்னைக்கு ஒருத்தரும் வாந்தி எடுக்கல" என்றார்.

சிலமலைக்கு வந்து இறங்கியதும் மதினிக்குப் போன் போட்டார். "ராசாத்தி, கெடச்சிருச்சு" என்றார். பெல்ட்டைப் பார்க்கிற நினைப்பே அவருக்கு இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கார் அவருடையது. நான்தான் பின்கதவைத் திறந்து பெல்ட்டை முழுக்க இழுத்து, "அண்ணே, இங்க பாருங்க" என்றேன். அவர் அந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எதிரே எங்கள் காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி தம்பி, வேணாம்" என்றார். கல்யாண வீட்டில் இருந்து வந்த தோட்டக்காரரிடம், "வண்டி நல்ல வண்டிங்க. எனக்குத்தான் கை பழகல. யாரு கேட்டாலும் வெல கொறைக்காதீங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அது அவருடைய நாகரிகம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் கார் பார்த்தோம். அவர் முன்போல் டயரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கவிட்டு ஓரமாக நின்று, "என்ன தம்பி, எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். நான் ஏதாவது குறை சொல்வேன். உடம்பு தளர்ந்துவிட்டது, பாவம் என்று எண்ணிக்கொள்வேன். அவர் இறந்த அன்று சின்னமனூருக்கு நான் தனியாகப் போனதுகூட, அடுத்த ஞாயிறு அவர் பார்ப்பதற்குள் அந்தக் காருக்கு ஒரு குறையைத் தயார் பண்ணி வைக்கத்தான்.

இறுதிச் சடங்கு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மதினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணைத் தேய்த்ததையும் சொன்னேன். "தெரியும் தம்பி" என்றார். "கெடச்சிருச்சுன்னு போன்ல சொன்ன மனுசன் வெறுங்கையோட வந்தாரு. என்னன்னு கேட்டேன். கோட்டயத்து வெள்ளத்துல சிலமலைச் செம்மண்ணு மெதந்து வந்துருக்கு ராசாத்தின்னு சிரிச்சாரு. மண்ணுல கடலைத் தோலு வேற ஒட்டியிருந்துச்சாம்."

"அப்பவே என்னய நாலு அறை அறைஞ்சிருக்கலாமே மதினி" என்றேன்.

"நானுந்தான் சண்டை போட்டேன். அவனுக்குப் பயம் தெளியல, கண்டக்டர் மனசு வராம வண்டிய எடுத்து என்ன செய்ய, அவனா ஒருநா நல்லாருக்குன்னு சொல்லுவான், அன்னைக்கு எடுத்துக்கலாம்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் செக் புத்தகத்தச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கதிருக்காகச் செய்தேன், அண்ணனின் உயிருக்காகச் செய்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை. வேலை போன பிறகு என் வீட்டில் எனக்கு ஒரு சோலியும் இல்லை. வாரம் முழுக்க நான் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்துக்கிடந்தேன். அவருக்குக் கார் கிடைத்துவிட்டால் கார் தேட நான் எதற்கு? தன் உயிரை மட்டும் வைத்துக்கொண்டு மலை ஏறப் போகிறவருக்குக் கண்டக்டர் எதற்கு? அந்தப் பயம் எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நேற்று இருப்புக் கொள்ளாமல் முதல் பஸ்சில் பூப்பாறைக்குப் போனேன். அந்தத் தோட்டக்காரரிடம் மண் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை முறைத்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். கார் இன்னும் அவரிடமே இருக்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு தடவை வண்டியைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

அண்ணனின் நினைவாகப் பொருள் எதையும் நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும் ஒரு வருடம் என்னோடு பஸ் ஏறி வந்தாரே, வாரா வாரம் எப்படி இருக்கு என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டாரே, அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. நேற்று டயர் பார்த்தேன், பெடல் பார்த்தேன், நாலு பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் பார்த்தேன். நல்லா இருக்குண்ணே. ஒரு குறையும் இல்லை.