தைலம் பட்ட இணைப்பு

சித்தப்பாவைப் பட்டறையில் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி இழைப் படகுகளின் பாகங்களை ஒட்டுவது இருபது வருடமாக அவர் வேலை. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டால், அதன்மேல் யார் கையும் படவிடமாட்டார்.

போன மாதம் அவர் ஒட்டிய படகு ஒன்று இணைப்பில் பிளந்துவிட்டது. “கூட ரெண்டு அடுக்கு இழை வச்சா தாங்கும் முதலாளி” என்று கெஞ்சி, மாதிரி இணைப்பு ஒன்று செய்தார். அது தாங்கினால்தான் வேலை நிலைக்கும்.

இழுத்துப் பார்க்கும் எந்திரத்தில், பாதிப் பாரத்திலேயே அது பிரிந்தது. இழை ஒன்றுகூடக் கிழியவில்லை. பசை உரிந்த இடத்தில் ஐந்து விரல் தடம் பளபளத்தது.

“தொடாதே தொடாதேன்னு எங்க உயிரை எடுப்பியே பசை, இது யார் கை?” என்றார் மேஸ்திரி.

“என் கைதான். பயத்துல கையுறையைக் கழட்டிட்டு ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.”

மாதிரியை ஒட்டிய நாள் காலையில் கைவலிக்கென்று சித்தி தேய்த்துவிட்ட தைலம் அந்தக் கையில் இருந்தது; எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

இணைப்பு பிரிந்த அன்று மாலை, “வலி எப்படிங்க இருக்கு?” என்று சித்தி மறுபடி புட்டியைத் திறந்தாள்.

“இனிமே கைக்கு வேலை இல்லடி” என்றார். தைலத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.