ஹாலின் நடுவே ஒரு டீப்பாய்

எங்கள் மரச்சாமான் கடைக்கு டீப்பாய் வாங்க வருகிறவர்கள் முதலில் டேப் அக்காவிடம் பரீட்சை எழுதியாக வேண்டும். "உங்க சோபா எவ்வளவு நீளம்? உட்காருற இடம் தரையிலேருந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்பார். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். "சோபாவை அளக்காம டீப்பாய் வாங்க வர்றது, காலை வீட்ல விட்டுட்டுச் செருப்பு வாங்க வர்ற மாதிரி. போய் அளந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி ஆரம்பத்தில் பல்லைக் கடித்தார். போனவர்கள் அளவோடு திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அக்காவின் கழுத்தில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்கும். பெயர் வந்த கதை அவ்வளவுதான். நான் அந்தக் கடையின் வண்டி ஓட்டுகிறவன். அவர் விற்றதை ஏற்றி, இறக்கி, மாடிப்படியில் முக்கி முனகித் தூக்கி, வீட்டில் வைத்துவிட்டு வருவது என் வேலை.

அக்காவின் பாடம் எனக்கே மனப்பாடம். டீப்பாய் சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். உயரம் சோபாவைவிட ஒரு விரற்கடை கீழே இருக்கலாம், மேலே ஏறக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கப்பை எட்டி வைக்க வேண்டும், குறைத்தால் முட்டி இடிக்கும். சின்ன ஹாலுக்குக் கண்ணாடி நல்லது, இடத்தை அடைக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் கண்ணாடியும் வேண்டாம், முனையும் வேண்டாம். "மேலே மூணு பொருள் வைங்க, போதும். ஒண்ணு உயரம், ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு தட்டை. மிச்ச இடம் சும்மா கிடக்கட்டும். மனுஷன் கப்பை எங்கே வைப்பான்?" என்பார். வாடிக்கையாளர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஒரு மாதம் கழித்து அதே வீட்டுக்கு நாற்காலி இறக்கப் போனால், டீப்பாய் மேல் மாத்திரை அட்டை, நகவெட்டி, பிரிக்காத கவர், காய்ந்துபோன ஆரஞ்சுத் தோல் எல்லாம் கிடக்கும். அதை நான் அக்காவிடம் சொன்னதில்லை.

ஊர் ஹாலுக்கெல்லாம் டீப்பாய் போட்ட அக்காவின் ஹாலில் டீப்பாய் கிடையாது. அதற்குக் காரணம் அவர் கணவர்.

இவரை அக்கா என்பதால் அவரை நான் மாமா என்பேன். பதிலுக்கு அவர் என்னை மாப்ளே என்பார். தபால்காரராக இருந்தவர். இருபத்தாறு வருடம் தெருத் தெருவாக நடந்த மனிதர். சர்க்கரை அவர் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வேலையை விட்ட வருடம் இடது கண், அடுத்த வருடம் வலது கண். முழு இருட்டாகி எட்டு வருடம் ஆகியிருந்தது.

நடந்தே பழகிய மனிதர் வீட்டையும் காலால்தான் படித்தார். படுக்கையறை வாசலிலிருந்து ஹாலைக் கடந்து சமையலறை வாசலுக்குப் பதினொரு எட்டு. அதே வாசலிலிருந்து குளியலறைக்கு ஆறு. தடி வைத்துக்கொள்ள மாட்டார். "வீட்டுக்குள்ள தடி எதுக்கு மாப்ளே, நான் என்ன ஆடு மேய்க்கவா போறேன்?" என்பார். எட்டு வருடத்தில் அக்கா அந்த ஹாலில் ஒரு நாற்காலியைக்கூட ஒரு சாண் நகர்த்தியதில்லை. பெருக்கும்போது தூக்கினால், தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட குறியிலேயே திரும்ப வைப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சு. "அம்மா கடைக்குப் போனா பகல் முழுக்க நீங்க தனியா இருக்கீங்க. என்கூட வந்துடுங்கப்பா." மாமா வாய்ப்பேச்சில் பதில் சொல்ல மாட்டார். எழுந்து போய், பதினொரு எட்டு நடந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து மகள் கையில் கொடுப்பார். அதற்குமேல் அவளால் என்ன பேச முடியும்? அந்தப் பதினொரு எட்டு இருக்கும்வரைதான் அது அவர் வீடு. இது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில் கடைக்கு ஒரு தேக்கு டீப்பாய் வந்தது. முட்டை வடிவம், முனை கிடையாது, கால்கள் லேசாக வெளியே சாய்ந்திருக்கும். அக்கா அதைத் துடைக்கும்போது பார்க்க வேண்டும், தூங்குகிற பிள்ளையைத் தடவுவது போல் இருக்கும். இரண்டு வருடம் அது விற்கவில்லை. விற்கவிடாமல் பார்த்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். யார் கேட்டாலும், "உங்க ஹாலுக்கு இது ஒத்து வராதுங்க" என்று வேறொன்றைக் காட்டுவார். கடைசியில் நான்தான் இடம் மாற்றும்போது அதன் காலில் ஒரு சிராய்ப்பு போட்டேன். முதலாளி விலையைக் குறைத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது, அக்கா எடுத்துக்கொண்டார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது மாமா சோபாவில் இருந்தார். கையை நீட்டி விளிம்பு முழுவதையும் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆசைப்பட்டுட்டே, வெச்சுக்கோ. ஜன்னல் ஓரமாப் போடு. என் வழியில மட்டும் வேணாம்."

"உங்க வழியில வைப்பேனாங்க?" என்றார் அக்கா.

ஜன்னல் ஓரத்தில், சுவரோடு ஒட்டிப் போட்டோம். சோபா ஒரு பக்கம், டீப்பாய் ஒரு பக்கம், இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருந்தன. அக்கா வாசலில் நின்று பார்த்தார். முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நான் பார்த்தேன், மாமாவால் பார்க்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து முதலாளியின் மகளுக்கு ஒரு யோசனை. கடையில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஹாலைப் படம் பிடித்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். முதல் வீடு டேப் அக்காவுடையது. ஒரு மதியம் என் வண்டியில் அக்காவும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். மாமா சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, டீப்பாய் ஓரத்துல இருந்தா எப்படி? நடுவுல வைங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா படுக்கையறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் மறுபக்கம் பிடித்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்து, சோபாவிலிருந்து சரியாக ஒன்றரை அடியில் வைத்தோம். மேலே ஒரு பித்தளைத் தட்டு, நான்கு புத்தகம், கண்ணாடிக் குடுவையில் வாசலிலிருந்து ஒடித்துவந்த இலைக்கொத்து. ஒண்ணு உயரம், ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு தட்டை. சொல்லக் கூடாது, அந்தப் பழைய ஹால் பத்து வயது குறைந்துவிட்டது. படம் எடுத்து முடித்த பிறகும் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நகர்த்திடலாமாக்கா?" என்று கேட்டேன். கேட்டேன்தான், ஆனால் வண்டியைத் தெருவை அடைத்து நிறுத்தியிருந்தேன். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி. அவர் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். நான் மூணரைக்கு வந்து நகர்த்திக்கிறேன்."

மறதி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறக்கவில்லை. ஒரு மதியம் மட்டும் தன் வீட்டு ஹால் தான் சொன்னபடி இருக்கட்டும் என்று அந்த மனுஷி ஆசைப்பட்டார். எட்டு வருடத்தில் ஒரு மதியம்.

கடையில் ஒரு குடும்பம் வந்து சோபாவுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியது. நான் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது மணி ஐந்து. மாமா ஹாலின் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். தாகத்துக்கு இரண்டரை மணிக்கே எழுந்திருக்கிறார். குடுவை உடைந்து, இலையும் தண்ணீரும் அவர் கன்னத்தடியில் கிடந்தன. வலியில் முனகிக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் ஒரு மனிதன் தன் வீட்டுத் தரையில் அப்படிக் கிடந்திருக்கிறான்.

"தம்பி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, தெருமுனையில நின்னு வழி காட்டு" என்றார் அக்கா. ஓடினேன். ஆட்களோடு திரும்பி வந்தபோது டீப்பாய் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "ஸ்ட்ரெச்சர் வர இடம் வேணும்ல" என்றார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மறுநாள் மகள் ஓடி வந்தாள். நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா? கண்ணை மூடிட்டு நடக்குற வீடாச்சே உங்களுக்கு?"

"திசை தப்பிட்டேம்மா. சமையலறைக்குப் போறதா நெனச்சு ஜன்னல் பக்கம் போயிருக்கேன். டீப்பாய் தடுக்கிடுச்சு." நெற்றியைத் தட்டிக்கொண்டு, "கண்ணு போச்சு, பரவால்லன்னு இருந்தேன். இப்ப மண்டையும் போகுது" என்றார்.

அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நான் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றேன். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் சேர்ந்து சோற்றில் மறைத்தோம்.

மகள் தன்னோடு வரச் சொன்னாள். அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தடுத்தார். எலும்பு கூடியது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "நடக்கலாம் சார், நடந்தாத்தான் நல்லது" என்று தினமும் கெஞ்சினாள். மாமா கட்டிலை விட்டு இறங்கவில்லை. இடுப்பு வலியால் இல்லை. "எந்தப் பக்கம் போறேன்னு எனக்கே தெரியலையேம்மா" என்றார். தெருத் தெருவாக நடந்த கால்கள் குச்சியாகிப் போயின. தண்ணீருக்கும் அக்காதான், மற்றதற்கும் அக்காதான். முதுகில் புண் வந்தது.

மூன்றாவது மாதம் அக்கா எனக்கு போன் செய்தார். "சொல்லிடப் போறேன் தம்பி. நீயும் கூட இரு." தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் எனக்கு மனது லேசானது. உண்மை தெரிந்தால் மனிதர் எழுந்து நடந்துவிடுவார் என்று முட்டாள்தனமாக நம்பினேன்.

அக்கா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். படம் எடுத்தது, நடுவில் வைத்தது, ஆசையாக இருந்ததால் அப்படியே விட்டது, பிறகு நகர்த்தியது. "உங்க திசை தப்பலைங்க. நீங்க சரியாத்தான் நடந்தீங்க. நான்தான் உங்க வழியில வெச்சேன்" என்று சொல்லி அழுதார்.

மாமா கையைத் துழாவி அவர் தலையில் வைத்தார்.

"எட்டு வருஷமா ஒரு நாற்காலியை நகர்த்தாதவ நீ. நீயா வைப்பே? டீப்பாயை நீ இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. என்னைத் தூக்குறதுக்கு வழி விட்டே."

"இல்ல மாமா, நிஜம். நானும் ஒரு பக்கம் தூக்கினேன்" என்றேன்.

"மாப்ளையையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்காக நீ சொன்ன முதல் பொய் இது. போதும், எழுந்திரு."

அந்தப் படம் கடையின் இணையப் பக்கத்தில் அப்போதும் இருந்தது. நடு ஹாலில் டீப்பாய், பின்னால் பாதி தெரிகிற படுக்கையறைக் கதவு. முந்நூறு பேர் பார்த்து, அழகு என்று எழுதியிருந்தார்கள். யாரை நம்ப வைக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் அதைக் காட்ட முடியாது. வாசலில் நின்று அக்காவிடம் சொன்னேன், "மகளுக்கு அனுப்புங்கக்கா. அவ பார்த்துட்டுச் சொன்னா மாமா நம்புவார்."

"நம்புவார். அப்புறம் அவ அவரை என்கிட்ட விட்டு வைப்பாளா?" என்றார் அக்கா.

படம் என் போனிலும்தான் இருந்தது. மகளின் நம்பரும் இருந்தது. நானும் அனுப்பவில்லை. அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கியது நான் என்பதும் ஒரு காரணம்.

ஐந்து வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி மாமா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மகள் ஹாலில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கண்ணு போயும் எட்டு வருஷம் யார் துணையும் இல்லாம நடந்தாரேம்மா. கடைசில புத்தி தடுமாறிடுச்சு. நீ என்ன பண்ணுவே? நீ அவரைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டே."

அக்கா அவள் தோளுக்கு மேல் என்னை ஒரு முறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாம்மா" என்றார் அக்கா. "கடைசில அவருக்குத் திசை தெரியல."