வலது மூலைக் கோடு

ரிப்காவின் மான் படத்தை நான் முதலில் கண்டது லிஸ்பனில், ஒரு கோப்பிக் கடைச் சுவரில். வலது மூலையில் சரிவாக ஒரு கோடு. அவளுடைய எல்லாப் படங்களிலும் அந்தக் கோடு இருக்கும். ஊர் திரும்பியதும் ஏன் என்று அவளிடமே கேட்டேன்.

"அந்தக் கதைய நீங்க இனி எழுதலாம். மக்டலின் அக்காவும் ஓம் எண்டுட்டா" என்று சிரித்தாள்.

பத்தொன்பது வயதில் ரிப்கா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மக்டலின் வைத்திருந்த போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். பழுதான தாள்களின் பின்பக்கத்தில் மான் படம் கீறுவாள். இங்கே மான்கள் கடைத்தெருவிலேயே திரியும். அவளுடைய மான் ஒரு கையெழுத்துக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையும். எந்த அதிகாரியின் கதிரையிலும் ஆள் இராது. மக்டலின் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் கொப்பி எடுத்து, மடித்து, நடுவில் ஒரு வெட்டு. எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். வீடு திரும்பும் பின்னேர பஸ்ஸில் இருக்கை இடுக்குகளில் செருகிவிட்டு இறங்கிவிடுவாள். பெயர் போடமாட்டாள். தெரிந்தால் வாப்பா வேலையை நிற்பாட்டிவிடுவார். கீறலும் அதோடு சரி.

ஒருநாள் ஒரு கந்தோர் அதிகாரி வந்தார். மான் புத்தகத்தையும், அங்கே கொப்பி எடுத்த தன் பிறப்புச் சான்றிதழையும் மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே மூலையில் ஒரே கோடு. யாரோ ஸ்டேப்பிள் கம்பியோடு தாளை இழுத்ததில் மெஷின் கண்ணாடியில் விழுந்த கீறல் அது.

"உங்கட மெஷின்தானே? ஆர் கீறினது?"

ரிப்கா மெஷின் மூடியை மூடினாள்.

"ஐயா, இந்தக் கோடு உங்கட சான்றிதழிலயும் கிடக்கு. அப்ப நீங்கதான் கீறினதோ?" என்றார் மக்டலின்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "திரும்பி வருவன்" என்று அவர் போய்விட்டார்.

கூட்டம் குறைந்ததும் ரிப்கா பையை எடுத்தாள்.

"எங்க போறாய்?"

"அக்கா, நான்..."

"மானுக்குப் பின்னங்கால் பிழை, பிள்ளை. ஆட்டுக்கால் மாதிரிக் கிடக்கு. வெளியில ஒண்டு நிக்குது, போய்ப் பார்த்துக் கீறு."

அந்தக் கிழமையே மக்டலின் கண்ணாடியை மாற்றினார். கொப்பிகள் சுத்தமாக வந்தன. ஆனால் அடுத்த மான் புத்தகத்தில், அதே மூலையில், அதே கோட்டை ரிப்கா கையால் கீறியிருந்தாள். அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். தன் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கச் சொன்னார். தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடில்லை.

"இன்னொண்டு எடுக்கவோ, ஐயா?" என்று கேட்டாள் ரிப்கா.

அன்றிலிருந்து கோடில்லாமல் அவள் ஒரு மானையும் வெளியே விட்டதில்லை. பின்னங்கால்களை மட்டும் இப்போதும் மக்டலினிடம் காட்டிவிட்டுத்தான் விடுகிறாள்.