பொட்டு வைத்த நாலாவது சில்லு

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஜெர்மனிக்கு வந்து ஒரு பீட்சாக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு அந்தக் கடையையே வாங்கி நடத்தினேன். எழுதிக் காட்டச் சொன்னால் தடுமாறுவேன்; செய்து காட்டச் சொன்னால் தடுமாற மாட்டேன். பெருமை அடிக்கிறான் என்பார்கள். அடிக்க விஷயம் இருக்கிறது, அடிக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு, கொலோன் நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டிலில் அந்தக் காரைக் கண்டேன். அறுபதுகளில் செய்த இரண்டு கதவு வண்டி. உள்ளே கோழிகள் அடைந்திருந்தன. இயந்திரம் நல்லது, உடம்புதான் துருவேறிக் கறள். இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக் கராஜில் விட்ட அன்றே, பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கூட்டாளி வந்து சுற்றிப் பார்த்தான்.

“அண்ணை, இதை ஓடப் போறியளோ, இல்லாட்டித் திரும்பவும் கோழிதான் வளர்க்கப் போறியளோ?”

“ஓடுவன். எச் நம்பர் போட்டு ஓடுவன். நீ பாக்கத்தானே போறாய்” என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு இங்கே எச் எழுத்தோடு முடிகிற தகடு கொடுப்பார்கள். பரிசோதகர் பார்த்து, பழைய வண்டி பழைய மாதிரியே ஒழுங்காக இருக்கிறது, கறள் இல்லை என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வண்டி கராஜிலேயே கிடக்க வேண்டியதுதான். நானோ கோவிலிலும் கலியாண வீடுகளிலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மட்கார்டுகளின் கீழ்ப்பக்கம் விரலால் குத்தினால் பிஸ்கட் போல உதிர்ந்தது. பட்டிப் பசையை அப்பிக் கறளை மூடுகிற வேலை என்னிடம் கிடையாது. கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு, வீசக் கிடந்த ஒரு வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டை அளந்து வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தேன். கதவுகளின் அடியும் அப்படித்தான். தட்டி, தேய்த்து, கையால் தடவி, மறுபடி தேய்த்தேன். கண் ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாது. சாம்பல் நிற அடிப்பூச்சுக்கு மேலே பழைய பாலாடை நிறத்தையே அடித்தேன். மூன்று குளிர்காலம் போயிற்று.

சில்லுகளுக்குத்தான் என் மூளை வேலை செய்தது. சக்கரத்திலிருந்து ரயரைக் கழற்றி, இரும்பு வளையங்களைக் கம்பி பிரஷால் வெள்ளையாகும்வரை உரசி, நிறம் அடித்தேன். கடையில் கழித்த பழைய பீட்சா அடுப்பு ஒன்று கராஜில் கிடந்தது. அதை மெல்லிய சூட்டில் வைத்து, சில்லை ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். பீட்சா போகிற வாயால் சில்லும் போயிற்று. வெளியே வந்தது பீங்கான் மாதிரி. மூன்று முடிந்ததும் அடுப்பின் கம்பி எரிந்துவிட்டது. நாலாவது சில்லைக் காற்றில்தான் காயவிட்டேன்.

பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகத் தந்த டெர்மினுக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை, மனைவி வண்டிக்குப் பூசை செய்தாள். தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, முன்மூடியிலும் நாலு சில்லிலும் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்தாள். மறுநாள் துடைத்தேன். முன்மூடியில் போயிற்று, மூன்று சில்லில் போயிற்று. நாலாவதில் போகவில்லை. காயாத நிறம் குங்குமத்தைக் குடித்துவிட்டது. காசளவு செம்பழுப்பு, அச்சாகக் கறள் போல. அந்தச் சில்லைச் சுவர்ப் பக்கம் வரும்படி பின்னால் பூட்டினேன். சில்லை யார் பார்க்கப் போகிறார்கள்?

பரிசோதகர் பார்த்தார். வண்டியை வெளியே உருட்டச் சொன்னார். குந்தியிருந்து, டார்ச் அடித்து, நகத்தால் சுரண்டினார்.

“புது நிறத்துக்கு அடியிலிருந்து கறள் வருகிறது” என்றார். “சில்லே இப்படி என்றால் கதவுக்கு அடியில் என்ன இருக்கும்? எதையெல்லாம் மூடியிருக்கிறீர்கள்?”

மூடவே மாட்டேன் என்று இருந்தவனைப் பார்த்துக் கேட்கிறார். மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, பொட்டெண்டு சொல்லுங்கோவன்.”

“சொன்னா நம்புவானே? சிரிப்பான்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். கறளெண்டு எழுதினாப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. வாய் காட்டிறதுக்கு மட்டும் குறைச்சலில்லை, இப்ப ஊமையாட்டம் நிக்கிறியள்.”

“நீ வைச்ச பொட்டுத்தானே?”

“ஓம், நான்தான் வைச்சனான். காயாத சில்லைக் கொண்டுவந்து பூட்டினது ஆர்?”

பரிசோதகர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாளியில் தண்ணீரும் மெல்லிய சாண்ட்பேப்பரும் எடுத்துவந்து, என் கையால் முடித்த சில்லை அவர் கண் முன்னாலேயே தேய்க்கத் தொடங்கினேன். பட்ட பாடெல்லாம் பாலாக வழிந்தது. சிவப்பு போயிற்று, அதற்குக் கீழே பாலாடை, அதற்குக் கீழே சாம்பல், கடைசியில் பளிச்சென்ற இரும்பு.

“கறள் எங்கே? காட்டுங்கள்” என்றேன். பிறகுதான் குங்குமத்தைச் சொன்னேன். மனைவி சிமிழைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. விரலில் கொஞ்சம் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மற்ற மூன்றிலும் வைக்கவில்லையா?”

“வைத்தோம். அவை அடுப்பில் வெந்தவை” என்று கராஜுக்குள் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தார். என்றாலும் விடவில்லை. காந்தத்தை எடுத்து மட்கார்டிலும் கதவுகளின் அடியிலும் ஒவ்வொரு சாணாக ஒட்டிப் பார்த்தார். பட்டி தடிப்பாக இருந்தால் காந்தம் நழுவி விழும். ஓரிடத்திலும் விழவில்லை. என் வாஷிங் மெஷின் தகடு காந்தத்தைக் கௌவிப் பிடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எச் தகட்டுக்குச் சம்மதம் என்று எழுதினார். அந்தச் சில்லுக்கு மட்டும் திரும்ப நிறம் அடிக்கச் சொன்னார்.

அடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி விளக்கேற்றும்போது, “சில்லுக்குப் பொட்டு வைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

அவள் கராஜுக்குள் போய்ச் சில்லை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“இன்னும் பெயின்ற் மணக்குது. காயட்டுமப்பா முதல்லை.”