கூண்டுக்குள்ள நாகலிங்க ஆசாரி

வக்கீல் குமாஸ்தா வேலைங்குறது அடுத்தவுக தலைவலிக்கு நம்ம நெத்தியில தைலம் தேச்சுக்கிற வேலை.

கேசுக் கட்டு தூக்குறது, வாய்தாவுக்கு ஓடுறது, வக்கீலம்மாவுக்கு டீ சொல்றது, இதெல்லாம் ஒரு வேலையா? கட்சிக்காரரை வாயை மூட வைக்கிறதுதான் வேலை. கோர்ட்டு வேப்பமரத்தடியில என்னைய மாதிரி கட்டோட குந்திக் கெடக்குற சனங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா? பேச வேண்டியவன் பேச மாட்டான். பேசக் கூடாதவன் மைக்கு இல்லாமயே பேசுவான்.

நான் காதரு. காரைக்குடியில ஒரு கிரிமினல் வக்கீலம்மாகிட்ட குமாஸ்தா. படிப்பு அஞ்சாப்போட சரி, ஆனா யாரு பேசுனாலும் அப்படியே பேசிக் காட்டிருவேன். அரசாங்க வக்கீலு பேசுனா பழைய டீசல் மோட்டாரு ஸ்டார்ட் ஆகுற மாதிரி இருக்கும்: க்கும், க்கும், க்கும், அப்பறம்தான் 'யுவர் ஆனர்'. நான் அதைப் பேசிக் காட்டுனா டீக்கடைக்காரரு ஓசி டீ குடுப்பாரு. ஒரே ஒரு ஆளைத்தான் இப்பப் பேசிக் காட்ட முடியல. தொடங்குனா பாதியிலயே நிப்பாட்டிர்றேன். அவருதான் நாகலிங்க ஆசாரி.

மொதக் கேள்வி

அமராவதிபுதூருக்கு அங்குட்டு ஒரு ஊருல பூட்டிக் கெடந்த பெரிய வீடு ஒண்ணு. வீட்டுக்காரவுக வெளிநாட்டுல இருக்காக, வருசத்துக்கு ஒருக்கா முன்னோரு படைப்புக்கு வந்துட்டுப் போவாக. ஒரு நா காலையில பாத்தா முகப்பு வாசல் நிலையைக் கதவோட காணோம். கிளியும் லச்சுமியும் செதுக்குன தேக்கு நிலை. அது நின்ன எடத்துல சுவத்துல வெறும் ஓட்டை. கீழ காவக்காரரு மண்டை ஒடஞ்சு கெடக்காரு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல, உசுரு போயிருச்சு.

போலீசு நேரா நாகலிங்க ஆசாரி வீட்டுக்குத்தான் போச்சு. ஏன்னா அவருக்குத் தொழிலே கழட்டுறது. வீட்டை வித்துட்டாகன்னா நிலை, தூணு, உத்தரம்னு எல்லாத்தையும் சேதமில்லாமக் கழட்டிக் குடுக்க அவரைத்தான் கூப்புடுவாக. அன்னைக்கு ராத்திரி அவரு தன் வீட்டுல படுத்துத் தூங்கியிருக்காரு. சாட்சி? அவரு சம்சாரம் மீனாச்சி. பொஞ்சாதி சாட்சிக்குக் கோர்ட்டுல என்ன மரியாதைன்னு நமக்குத் தெரியும்ல.

ஜெயில்ல மொத மொதல்ல அவரைப் பாத்தப்ப வக்கீலம்மா கேட்டாக, "ஆசாரியாரே, எங்கிட்ட மறைக்காதீங்க. நீங்க செஞ்சீங்களா, இல்லையா?" மனுசன் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு. அழப்போறாருன்னு நெனச்சு நான் துண்டை எடுத்துட்டேன். அவரு சொன்னாரு:

"நான் செய்யல தாயி, அது கெடக்கட்டும். நிலையை எப்படிக் கழட்டிருக்காக? காரை பேந்திருக்கா?"

ஆபீசு கதவு

ஒரு வழியா ஜாமீன் கெடச்சு ஆபீசுக்கு வந்தாரு. வக்கீலம்மா உள்ள இன்னொரு கட்சிக்காரரோட பேசிக்கிட்டு இருந்தாக. நான் ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா ஆபீசுக்குக் கதவு இல்ல. யா அல்லா! கதவைச் சுவத்துல சாச்சு வச்சுட்டு, கீழ உக்காந்து கீலுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்காரு ஆசாரி. "கீச்சு கீச்சுன்னு கத்துது பாய், மனசு கேக்கல"ங்குறாரு. கதவைக் கழட்டிட்டாருன்னு கொலைக் கேசு நடக்குது, அவரு வக்கீலு ஆபீசுலயே கதவைக் கழட்டி வச்சுட்டுச் சிரிக்கிறாரு.

திருப்பி மாட்டுனதுக்கு அப்பறம் அந்தக் கதவு ஒரு பொட்டுச் சத்தம் போடல. அவரு ரெண்டு தடவை தொறந்து மூடிட்டு எங்க மூஞ்சியையே பாத்தாரு. நாங்க எதையும் கவனிக்கல. நிலை கழண்ட எடத்தைப் போலீசுக்காரவுக எடுத்த போட்டா அன்னைக்குத்தான் கைக்கு வந்திருந்துச்சு. சுவத்தைக் கடப்பாரை போட்டு நெம்பியிருப்பான், 'இது தெரியாதவன் செஞ்ச வேலை'ன்னு வாதாடலாம்னு வக்கீலம்மா நெனச்சிருந்தாக. போட்டாவப் பாத்தா நிலையை அலுங்காம உருவி எடுத்த மாதிரி இருக்கு. எங்களுக்குச் சப்புன்னு போச்சு. ஆசாரி போட்டாவ வாங்கி வெளிச்சத்துல புடிச்சு, கீழ் மூலையைக் கட்டை விரலால தடவித் தடவிப் பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு. அதுக்குள்ள வக்கீலம்மா எங்கிட்ட திரும்பி:

"காதர் பாய், கேசு முடியிற வரைக்கும் இவரு கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இருக்கப்படாது."

ஒத்திகை

கோர்ட்டுல எப்படிப் பேசணும்னு ஆசாரிக்குச் சொல்லிக் குடுக்குற பொறுப்பு எங்கிட்ட வந்துச்சு. அவரு வீட்டு வாசல்ல ஒரு ஸ்டூலைப் போட்டு, அதான் கூண்டுன்னு நிக்க வச்சேன். நானே ஜட்ஜய்யா, நானே அரசாங்க வக்கீலு. "க்கும், க்கும், க்கும், நீர்தானே அந்த நிலையைத் திருடினீர்?" அவரு "பொய்யிங்கய்யா"ன்னு சொல்லணும். "காவலாளியைத் தாக்கினீர்?" "பொய்யிங்கய்யா." எதைக் கேட்டாலும் அந்த ஒத்தை வார்த்தைதான். கிளிப்புள்ளைகூட அதைக் கத்துக்கும்.

அவரு நல்லாத்தான் சொன்னாரு. ஆனா நடுவுல சிரிச்சுப்புட்டு, "பாய், அந்த மனுசன் இருமுறதை அப்படியே உரிச்சு வச்சுருக்கீக, இன்னொருக்கா செய்யிங்க"ம்பாரு. தூக்கு வருமோ ஆயுள் வருமோன்னு நாங்க நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கோம், அவருக்கு ஓசியில நாடகம். மீனாச்சியம்மா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. புள்ளகுட்டி இல்லாத வீடு, அவுக ரெண்டு பேருதான். நான் கெளம்புறப்ப தெருமுக்கு வரைக்கும் பின்னாடியே வந்துச்சு:

"பாய், அவுக வாயைத் தெறக்காமப் பாத்துக்கங்க. வாக்கப்பட்ட நாள்லேருந்து என்னால ஆகல, ஆனா அவுக இல்லாட்டி எனக்கு யாருமில்ல."

சோலையப்பன் சாட்சி

அரசாங்கத் தரப்புச் சாட்சியா சோலையப்பன்னு இன்னொரு ஆசாரி. அவரும் கழட்டுற தொழில்தான், நம்மாளுக்கும் அவருக்கும் எப்பவும் முட்டல். "இம்புட்டுச் சுத்தமாக் கழட்ட நாகலிங்கத்தாலதான் முடியும்"னு சாட்சி சொல்லிப்புட்டாரு.

வக்கீலம்மா குறுக்கு விசாரணைக்கு எந்திரிச்சாக. அவுக குரலு அன்னைக்குத் தேன் மாதிரி இருந்துச்சு. "சோலையப்பன், நீங்க எத்தனையோ வீடு கழட்டியிருக்கீங்க, நல்ல வேலைக்காரருன்னு ஊரே சொல்லுது. இந்த மாதிரி உங்களால கழட்ட முடியாதா?" அந்தாளுக்கு மீசை துடிச்சிருச்சு. "ஏன் முடியாது? கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டுவேன்!" அடி சக்கைன்னு நான் தொடையைத் தட்டிட்டேன். 'அவருதான் செஞ்சாரு'ங்குறது போயி, 'யாரு வேணாலும் செஞ்சிருக்கலாம்'னு ஆயிருச்சுல்ல? கேசு கையில வந்து உக்காந்துருச்சு.

அப்பத்தான் கூண்டுக்குள்ளேருந்து ஒரு சிரிப்பு. "எவன், இவனா? அய்யா, இவனுக்கு ஆப்பு எங்குட்டு வைக்கணும்னே தெரியாதுங்கய்யா! போன வருசம் ஒரு நிலையைக் கழட்டி லச்சுமிக்கு மூக்கை ஒடச்சவன்யா இவன்! இந்த வேலையெல்லாம் இவனுக்குச் சென்மத்துக்கும் வராது!" நான் கையைக் காட்டுறேன், கண்ணைக் காட்டுறேன், துண்டை ஆட்டுறேன். ம்ஹூம். கடேசியில சோலையப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாங்கய்யா, எனக்கு அம்புட்டு வராது"ன்னு ஒத்துக்கிட்டாரு. ஜட்ஜய்யா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேட்டாக:

"வக்கீலம்மா, உங்க கட்சிக்காரர் எந்தத் தரப்பு?"

ரொம்ப நன்றிங்கய்யா

சாட்சியெல்லாம் முடிஞ்சு ஜட்ஜய்யா நேரா ஆசாரியைக் கேக்குற நாளு. காலையில ஆசாரி குன்றக்குடி கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்திருந்தாரு. மீனாச்சியம்மா சுவத்தோரமா நிக்குது. நிலையைத் திருடுனீங்களா? "பொய்யிங்கய்யா." காவக்காரரை அடிச்சீங்களா? "பொய்யிங்கய்யா." அந்தப் பக்கம் போனீங்களா? "பொய்யிங்கய்யா." தங்கம்! ஒத்திகை வீணாப் போகலன்னு நான் வக்கீலம்மாவப் பாத்தேன். அவுகளும் மூச்சு விட்டாக.

ஜட்ஜய்யா அந்தப் போட்டாவக் கையில எடுத்தாக. கொஞ்ச நேரம் பாத்தாக. "சுவருக்கு ஒரு சேதம் இல்லாம, இவ்வளவு நேர்த்தியாக் கழட்டப்பட்டிருக்கு. இது உங்க கைவேலைன்னு சாட்சிகள் சொல்றாங்க. என்ன சொல்றீங்க?"

ஆசாரி மொட்டைத் தலையோட நிமுந்தாரு. அந்த மூஞ்சியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு வெக்கம். ரெண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்கய்யா"ன்னாரு. வக்கீலம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாக. ஜட்ஜய்யா இன்னொரு தடவை, மெதுவாத்தான் கேட்டாக, "அப்படின்னா இது உங்க வேலைதானா?" அவரு சொன்னாரு:

"இம்புட்டு நல்லாயிருந்தா அது நம்ம வேலையாத்தாங்கய்யா இருக்கும்."

கம்பிக்கு அங்குட்டு

ஆயுள் தண்டனை. மீனாச்சியம்மா கத்தல, விழுகல. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயி தனியா பஸ்ஸுல ஏறிருச்சு. நான் கூப்புடக் கூப்புடத் திரும்பிப் பாக்கல. அப்பீலுக்குக் கையெழுத்து வாங்க நான் ஜெயிலுக்குப் போனேன். மனசு வெந்து போயி, "ஏன் ஆசாரியாரே இப்படிச் செஞ்சீக? செய்யாத வேலைக்கு யாராச்சும் பொறுப்பு ஏப்பாகளா?"ன்னு கத்திட்டேன்.

அவரு சாவகாசமாச் சொல்றாரு, "பாய், அந்தப் போட்டாவுல கீழ் மூலையில ஆப்பு அடிச்ச தடம் இருந்துச்சு, பாத்தீகளா? நெகத்தளவுதான். நான் ஆப்புக்குச் சாக்கைச் சுத்தித்தான் அடிப்பேன். தடமும் விழுகாது, சத்தமும் வராது. இவன் வெறும் ஆப்பை அடிச்சிருக்கான். சத்தம் கேட்டுத்தான் பாவம் அந்தக் காவக்காரரு எந்திரிச்சிருக்காரு. அன்னைக்கு ஆபீசுலயே சொல்ல வந்தேன்." அவரு உசுரைக் காப்பாத்துற சங்கதி அந்த மூலையிலதான் இருந்திருக்கு. மொத நாள்லேருந்து அவருக்கு மட்டும் தெரியும். "யோவ், இதைக் கூண்டுல சொல்லியிருந்தா இன்னேரம் வீட்டுல இருப்பீரேய்யா! அப்பீல்லயாச்சும் இதைச் சொல்லச் சொல்றேன் வக்கீலம்மாகிட்ட!"

மனுசன் கம்பிக்குள்ள கையை விட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "வேணாம் பாய். கட்டுனவனை ஊரே பாராட்டும். கழட்டுறவனை யாரு பாராட்டுவா? லாரியில ஏத்துனதும் போடான்னு அனுப்பிருவாக. அம்மாம் பெரிய ஜட்ஜய்யா, அத்தனை பேரு முன்னால, நேர்த்தின்னு சொன்னாக. அதுல போயி மூலையில தடம் இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல." ஜெயில் வார்டரு நேரமாச்சுன்னு விசில் ஊதுனாரு. ஆசாரி எந்திரிச்சுப் போறப்ப திரும்பி ஒரு வார்த்தை சொன்னாரு:

"மேல் கோர்ட்டுல அது மட்டமான வேலைன்னு மட்டும் எழுதிராதீக பாய், அந்த ஜட்ஜய்யா வருத்தப்படுவாக."

அன்னைக்கு ஆபீசு கதவை அவரு தொறந்து தொறந்து மூடுனப்ப எங்கள்ல ஒருத்தராச்சும் 'பேஷ், ஆசாரியாரே'ன்னு சொல்லித் தொலைச்சிருந்தா, வக்கீலம்மா இந்தக் கேசை ஜெயிச்சிருப்பாக.