கட்டாரிக்கு நான் தைத்த உறை

என் மனைவியின் அண்ணன் வீடு ஒடுகத்தூர் பக்கம். அவர் சாமி ரூமில் ஒரு கட்டாரி உண்டு. முழங்கை நீளம். பிடி மற்ற கத்திபோல் இருக்காது. இரண்டு பக்கமும் பட்டைக் கம்பி, நடுவில் குறுக்குப் பிடி. கையை உள்ளே விட்டு, முஷ்டி மடக்கிக் குத்த வேண்டும். பாட்டன் போருக்கு எடுத்துப் போனது என்பார் மச்சான். எந்தப் போர் என்று கேட்டால், சாப்பிட உட்கார் என்பார்.

இந்த வருடம் அம்மன் ஊர்வலத்தில் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க ஆசைப்பட்டார். பழசுதான் என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றது திருவிழாக் கமிட்டி. மச்சான் தலைப்பாகை வாங்கிவிட்டார். எழுத்துதான் பாக்கி.

வேலூரிலிருந்து ரிட்டயரான சரித்திர வாத்தியார் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். கட்டாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளன்னு? செஞ்சவன் போட்ட குறி, பூவேலை எல்லாம் போய்டுச்சே."

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு செங்கல்தூளு போட்டு நானே தேய்க்கிறேன் சார்," என்றார் மச்சான், பெருமையாக.

வாத்தியார் தலையில் கை வைத்தார். பிறகு உறையை எடுத்தார். கறுத்துப் போன தோல். மோந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"தோல் நூறு வருசத்துக்குக் கம்மி இல்ல. இதை வெச்சே எழுதிடலாம்."

மச்சான் என் முதுகில் அடித்தார். "கேட்டியா மாப்ள!"

கேட்டேன். அந்த உறையைத் தைத்தவன் நான்.

கல்யாணமான புதிது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. கட்டாரி வெறுமனே கிடந்தது. மாமியாரிடம் நல்ல பேர் வாங்க, கழித்துப் போட்ட ஷூ தோலில் உறை தைத்துக் கொடுத்தேன். மச்சான் அப்போது பெங்களூரில். திரும்பி வந்தவர் உறையும் பாட்டனுடையது என்றே நினைத்துக்கொண்டார். பதினாறு வருடக் கற்பூரப் புகையும் எண்ணெயும் அதைக் கிழவனாக்கிவிட்டன.

மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்ற பார்வை. பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். ஆனால் வாத்தியார், மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் என்று எழுத ஆரம்பித்தார். அதுதான் தாங்கவில்லை. கட்டாரி எந்த ராஜா காலமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். குரோம் உப்பில் பதப்படுத்திய கம்பெனித் தோலைப் பட்டைத் தோல் என்றால் நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன்?

"சார், அது குரோம். நான் தச்சது."

யாரும் நம்பவில்லை. பிளேடு வாங்கி ஓரத்தைச் சீவினேன். உள்ளே நீலம். குரோமில் ஊறிய தோல், மேலே எந்தச் சாயம் ஏற்றினாலும் வெட்டினால் காட்டிக் கொடுத்துவிடும்.

"வருசம் பூரா பேசாத பேச்சை இன்னிக்கே பேசணுமா மாப்ள?" என்றார் மச்சான்.

"நான் கண்ணாலேயே சொன்னேண்ணா," என்றாள் மனைவி. "இந்தாளுக்குத் தோலு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும்."

வாத்தியார் தாளைக் கிழித்தார். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

வாத்தியார் கட்டாரியை மறுபடி எடுத்தார். நுனியை விரலால் தடவினார்.

"நுனி மட்டும் தடிச்சிருக்கு பாரு. இரும்பு வளையச் சட்டையைக் குத்தித் துளைக்கிறதுக்கு வெச்சது. சுவத்துல மாட்டற புதுசுக்கு எவன் இவ்ளோ மெனக்கெடுவான்? பிடியும் குறுகல். பழசுதான். இருநூறு வருசம் இருக்கும். எந்த ராஜான்னு மட்டும் என்னைக் கேக்காத."

எழுதிக் கொடுத்தார். மச்சான் கண்ணில் தண்ணீர். எழுந்து, கட்டாரிப் பிடிக்குள் கையை விட்டார்.

மூன்று விரல் போனது. மோதிரத்தைக் கழற்றினார். தேங்காய் எண்ணெய் தடவினார். நாலாவது விரல் போகவில்லை.

"எங்க பாட்டன் கை இம்மாத்தூண்டா சார்?"

"உன் கைதான்யா ஜாஸ்தி."

தட்டில் வைத்து எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கையில் பிடித்தால்தான் உண்டு என்றது கமிட்டி. வீட்டில் எல்லாரும் கையை விட்டுப் பார்த்தோம். என் மனைவிக்கு மட்டும் அளவாக இருந்தது.

ஊர்வலத்தில் மச்சான் முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னாலேயே கட்டாரியை நீட்டிப் பிடித்தபடி இவள்.

"சீக்கிரம் நடண்ணா. முதுகுல பட்டுடப் போகுது."

மச்சான் கோயில்வரை ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்.