ரிப்பனுக்குப் பின்னால் நின்ற வண்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதிக்கு மொழிபெயர்க்க, ஆங்கில டீச்சரான என்னைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கூட்டிப் போயிருந்தார்கள். அவர்கள் இருவரும் தங்கள் ஊர் சர்ச் வாசலில் வாராவாரம் கேக் செய்து விற்று, எங்கெங்கோ இருக்கும் மலை கிராமங்களுக்கு உதவுகிறவர்கள். இந்த முறை நம் மலைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வேன் வாங்கித் தந்திருந்தார்கள்.

வேன் ரோட்டோரம் பளபளவென்று நின்றது. முன்னால் சிவப்பு ரிப்பன். பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், கத்தரிக்கோல். காலையில் தொடங்க வேண்டிய விழா. சிறப்பு விருந்தினரைத்தான் காணோம்.

அப்போது பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து சிலர் டோலி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறு வண்டி கீழேயிருந்து ஏறி வர வெகு நேரமாகும். கண்ணெதிரே புத்தம்புது ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஏற்ற வேண்டியதுதானே?

விழாவை நடத்திய உள்ளூர்க் குழுத் தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், ரிப்பன் வெட்டாம வண்டிய எடுக்கச் சொல்றீங்க? ஐயா உளுந்தூர்பேட்டை தாண்டி வந்துக்கினு இருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரசவ வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல இவர் யார்? உளுந்தூர்பேட்டை எங்கே, இந்த மலை எங்கே! டிரைவரோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரின் முகத்தையே பார்த்தார்.

என்ன நடக்கிறது என்று வெளிநாட்டு அம்மாள் என்னிடம் கேட்டார். தலைவர் என் காதருகே வந்து, "அவங்களாண்ட இதெல்லாம் சொல்லாதீங்க, நம்ம மானம் போயிடும்" என்றார். மானமாம்! ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தானே வாங்கினோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதை எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

கேட்டதுதான் தாமதம், பெண்ணின் அம்மா டோலியை விட்டு விறுவிறுவென்று வந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"எம் பொண்ணுக்குத்தான வாங்கியாந்தாங்க? நானே வெட்டறங்க."

ரிப்பன் இரண்டாகி விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். வெளிநாட்டுத் தம்பதியும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தாயையும் பெண் குழந்தையையும் காப்பாற்றிவிட்டார்கள்.

மலையில் நடந்ததாக நான் பிறகு கேள்விப்பட்ட கூத்தையும் கேளுங்கள். மத்தியானம் விருந்தினர் வந்து சேர்ந்தார். வேன் திரும்பும்வரை காத்திருந்து, அதைக் கழுவித் துடைத்து, புது ரிப்பன் கட்டி மறுபடியும் வெட்டினார்கள். போட்டோவில் எல்லார் முகத்திலும் அப்படியொரு சிரிப்பு. வண்டி வாங்கிக் கொடுத்தவர்கள் மட்டும் அதில் இல்லை. அவர்கள் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்றைக்கும் எங்காவது ரிப்பன் கட்டியிருப்பதைப் பார்த்தால் என் கோபம் கிளம்பிவிடுகிறது. வரப்போகும் பெரிய மனிதரை அல்ல, அவருக்காக யாரை வெளியே காக்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் தேடுகிறது.